நாலாம் அதிகாரம் தப்பு

வாங்கம்மா, வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். யாரைப் பாக்கணும், என்னையா, உலகம்மாளையா? அவளையா? சரி, சரி. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. இப்பல்லாம் இந்த வீட்டுக்கு வாரவங்க அவளைத்தான் கேக்காங்க. என்னைத் தேடி வாரது கேஸ் சிலிண்டர்காரர் மட்டும்தான். அவருக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும்னு ஒண்ணும் கிடையாது.

அவ மாடியில இருக்கா. இப்பக் கூப்பிட முடியாதும்மா. இன்னைக்குப் பேசாத நாள். விரதம்லாம் இல்ல, உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருக்கா, பொழுது சாய்ஞ்சதும் இறங்கி வருவா. அது ஒரு கதை. உக்காருங்க, சொல்லுதேன். மோர் குடிக்கீங்களா? நான் கலக்குன மோர். உப்பு கூடுதலா இருக்கும், இப்பமே சொல்லிட்டேன்.

என் பேரு ஞானதிரவியம். பேருக்குள்ள ஞானமும் கிடக்கு, திரவியமும் கிடக்கு. ரெண்டும் பேரோட நின்னு போச்சு. நானும் அவளும் தத்துவப் பேராசிரியர்களா இருந்து ஓய்வு வாங்கினவங்க. தத்துவம்னா சோசியமான்னு எங்க தெருவுல இன்னும் கேக்காங்க. ஒருத்தர் தன் மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையில இருந்து வரும்னு கேட்டாரு. திசைன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கான்னு நான் ஆரம்பிச்சேன். அவரு மறுபடி வரல.

கையில என்ன, நம்ம புத்தகமா? 'வாக்கும் ஆளும்'. புதுப் பதிப்புல்லா? அட்டையப் பாருங்க. ஞானதிரவியம், உலகம்மாள்னு இருக்கும். ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினோம். சரிபாதி. யாரு கேட்டாலும் நான் 'நாங்க'ன்னுதான் சொல்லுவேன், 'நான்'னு ஒரு நாளும் சொன்னது கிடையாது. பேரை அகர வரிசையிலதான் போட்டோம். என்ன சிரிக்கீங்க? தமிழ்ல பாத்தா 'உ' முதல்ல வரும்தான். இங்கிலீஷ் அகர வரிசையில பாத்தேன். புத்தகம் தமிழ்ப் புத்தகம்தான். சரி, அத விடுங்க.

நாங்க படிச்சது மதுரையில. எங்க வகுப்புல ஆளே கிடையாது. வாத்தியாருக்கு சளி பிடிச்சா மொத்த வகுப்புக்கும் சளி பிடிக்கும், அவ்வளவு நெருங்கி உக்காந்திருப்போம். ஒரு நாள் நான் ஒரு கட்டுரை வாசிச்சேன். பிரமாதமான கட்டுரை. இடையில நானே நிறுத்தி, கைதட்டுவாங்களான்னு பாத்தேன். உலகம்மாள் கடைசியில எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டா. அதுக்கு அன்னைக்குப் பதில் சொல்ல முடியல, அந்த வாரமும் முடியல, அந்த வருசமும் முடியல. இப்படி ஒரு ஆளை எதிர்ல வச்சுக்கிறது ஆபத்துன்னு பக்கத்துல வச்சுக்கிட்டேன்.

கல்யாணம்னா லேசு இல்ல. அவங்க வீட்டுல சைவம், முட்டை உடையுற சத்தம் கேட்டாலே குளிப்பாங்க. எங்க வீட்டுல சி.எஸ்.ஐ. கோயில், எங்க அப்பா சபைக்கு மூப்பர். ரெண்டு வீடும் ஒரு விசயத்துலதான் ஒத்துப்போச்சு, இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுங்கிறதுல. ஆனா அதெல்லாம் எனக்குத் தடையாத் தெரியல. தடை அவதான்.

நான் போயி, "உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிடுதேன், கடைசி வரைக்கும் கூட இருப்பேன்"னு சொன்னேன். வேற பொண்ணா இருந்தா தலையக் குனியும், இல்ல செருப்பைக் கழத்தும். இவ என்ன கேட்டா தெரியுமா? "மிஸ்டர் ஞானதிரவியம், பத்து வருசம் கழிச்சு உங்க உடம்பு மாறியிருக்கும், நெனப்பு மாறியிருக்கும். அவரு வேற ஆளு. அந்த ஆளு சார்பா நீங்க எப்படி இன்னைக்கு வாக்குக் குடுக்கலாம்?"

யோசிச்சுச் சொல்லுதேன்னு அவகாசம் கேட்டேன். காதலைச் சொல்லிட்டு அவகாசம் கேட்டவன் மதுரை ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சாப்பாடு இறங்கல. விடுதியில எல்லாரும் அவ மாட்டேன்னுட்டான்னு நினைச்சு ஆறுதல் சொன்னாங்க. கடைசியில ஒரு நாள் துணி துவைக்கும்போது பிடிபட்டுச்சு. ஈரக் கையோட ஓடினேன். "ஆளு வாக்கைக் குடுக்கல. வாக்குதான் ஆளை உண்டாக்குது. நேத்து இருந்தவனையும் நாளைக்கு வாரவனையும் ஒரே கயித்துல கட்டுறது வாக்கு. அதைக் காப்பாத்துற வரைக்கும் நான் ஒரே ஆளு. விட்டா நான் யாரோ."

அவ நெத்தியச் சுருக்கி யோசிச்சா. "இது சரியா இருக்கும் போலிருக்கே"ன்னா. அதுதான் அவ சம்மதம் சொன்னது. வேற ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு வரிதான் பின்னால வளந்து, இந்தப் புத்தகத்துல நாலாம் அதிகாரமா நிக்கு.

பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வெளிய வந்ததும் அவ சொன்னா. "எனக்கு ஒரு பயம். எனக்கு முன்னால படிச்ச அக்கா நல்லா யோசிக்கிற அக்கா. கல்யாணம் ஆச்சு, இப்ப அடுப்படியில நின்னு பாலு பொங்கிருமான்னு மட்டும்தான் யோசிக்கா. என்கூட யோசிக்க ஆளு வேணும்." நான் அங்கயே, வேப்ப மரத்தடியில நின்னு வாக்குக் குடுத்தேன். "தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், ஒரு மணி நேரம் உன்கூட வாதம் பண்ணுவேன். ஒரு நாளும் தவற மாட்டேன்." அவ கண்ணு கலங்கிப் போச்சு. நகை நட்டு போட்டாக் கூட அப்படி ஒரு முகம் வராதும்மா.

தவறலையே! அதைத்தான் சொல்லுதேன், ஒரு நாளும் தவறல. எங்க மக பிறந்த அன்னைக்கு, பிறந்த பிள்ளைய ஆளுன்னு சொல்லலாமா, வாக்குக் குடுக்கத் தெரியாத உயிர் ஆளாகுமான்னு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சேன். நர்ஸ் என்னை வெளிய தள்ளிட்டா. சன்னல் பக்கமாப் போயி மிச்சத்தைச் சொல்லி முடிச்சேன். அவளுக்கு அம்மைக்கட்டு வந்து வாய் திறக்க முடியாத அன்னைக்கு, நீ தலைய மட்டும் ஆட்டுன்னேன். அவங்க அம்மா இறந்த வாரமும் போயிப் பக்கத்துல உக்காந்தேன். எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க, நான் வாக்குத் தவறுவேனா? மரணத்தைப் பத்தி ஒரு கடுமையான வாதம் வச்சேன். அவ சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு எதிர்வாதமும் வரல. அன்னைக்கு நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்.

மோரைக் குடிங்க. உப்பு கூடத்தானே? சொன்னேன்லா.

அப்படி ஓடிக்கிட்டு இருந்த வண்டி, போன வருசம் குடை சாஞ்சுது. பதிப்பகத்துல இருந்து போன் வந்துது, புத்தகத்தை மறுபடி போடுதோம், புது முன்னுரை வேணும்னு. நான் அன்னைக்கு மத்தியானமே எழுதிட்டேன். இந்தப் புத்தகம் இன்னும் புதுசாவே இருக்குன்னு நானே எழுதினேன். உலகம்மாள், "நான் ஒரு தடவை வாசிச்சிருதேன்"ன்னா. வாசிக்கா, வாசிக்கா, வாரக் கணக்கா வாசிக்கா. எழுதினவளுக்கு இவ்வளவு நேரமான்னு எனக்குச் சிரிப்பு.

ஒரு நாள் காலையில இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். "ஏங்க, இந்தப் புத்தகம் தப்பு"ன்னா.

நான் அச்சுப் பிழைன்னு நினைச்சேன். "எந்தப் பக்கம்?"

"பக்கம் இல்லங்க. புத்தகம்."

கையில இருந்த இட்லியத் தட்டுல வச்சேன். "எப்படித் தப்பு?"

"நாலாம் அதிகாரம் தப்பு. அது விழுந்தா மிச்சம் எல்லாம் விழுந்துரும். இதுல வாக்குக் குடுக்கவர் இருக்காரு. வாக்கு இருக்கு. கயிறு, கயிறுன்னு எழுதியிருக்கோம். அந்தக் கயித்தோட மறுமுனை யாரு கையில இருக்கு? வாங்கினவ எங்கங்க? புத்தகம் பூராவும் தேடிட்டேன். அடிக்குறிப்புல கூட அவ இல்ல."

"அதை ஒரு அடிக்குறிப்பாப் போட்டுருவோம்"னேன். ஏம்மா, நான் இணக்கமாத்தானே பேசினேன்? அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, எங்க வாத்தியார் கூட என்னை அப்படிப் பாத்தது இல்ல.

பிறகு விளக்கமாச் சொன்னா. வாக்குங்கிறது குடுத்தவனோட சொத்து இல்லையாம், வாங்கினவளோட சொத்தாம். வேணும்னா வச்சுக்கிடலாம், மாத்திக் கேக்கலாம், போதும்னு திருப்பிக் குடுக்கலாம். அவளைக் கேக்காம, நான் சொன்னேன், நான் செய்தேன்னு நிக்கவன் வாக்கைக் காப்பாத்தல, தன்னைத்தான் காப்பாத்துதானாம்.

நான் கேட்டேன், "அப்ப நம்ம கல்யாணம்? அந்த வாதத்த நம்பித்தானே நீ சம்மதிச்ச? வாதம் தப்புன்னா?"

"அது வேற விசயம்"னு தட்டைக் கழுவப் போயிட்டா.

வேற விசயமா? அடித்தளத்தை உருவிட்டு மாடி வேற விசயம்னா எப்படி? நான் நாப்பது வருசமா பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லிக் குடுத்தவன். தர்க்கப்படி நடக்கணும்ல? வேட்டி ரெண்டு, சட்டை ரெண்டு எடுத்துக்கிட்டு சாயர்புரத்துல இருக்க என் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிட்டேன். பிரஷர் மாத்திரைய மறந்துட்டேன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு வந்து குடுத்தவ அவதான். அதையும் சொல்லிரணும்.

தங்கச்சி ஜெபமணி என்னைப் பாத்ததும் பதறிட்டா. "அண்ணே, என்ன சண்டை?"

"நாலாம் அதிகாரம்"னேன்.

"வேதத்துலயா அண்ணே?"

"எங்க புத்தகத்துல."

அவளுக்கு ஒண்ணும் ஓடல. அவ வீட்டுக்காரர், என் மச்சினர், என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "அத்தான், மறைக்காமச் சொல்லுங்க. குடி கிடி பழக்கம் உண்டா?"ன்னாரு. இல்லைன்னேன். "வேற ஏதும்?" இல்லைன்னேன். அவரு முகத்துல ஒரு ஏமாத்தம். மறுநாள் சபை ஐயரை, அதான் பாதிரியாரை, கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ணினாங்க. ஐயரும் பாவம், "ஆண்டவரே, இவர்கள் குடும்பத்தில் அதிகாரப் போட்டி நீங்கட்டும்"னு ஜெபிச்சாரு.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, நான் வேப்ப மரத்தடியில குடுத்த வாக்கு அப்படியே இருக்கே? கல்யாணம் நிக்குதா, விழுந்துட்டான்னு தெரியல, அது வேற. வாக்கு வாக்குதான். அன்னைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் போன் போட்டேன். அவ எடுத்தா. நாலாம் அதிகாரத்தைப் பத்தி ஒரு மணி நேரம் போட்டுக் கிழிச்சேன். அவளும் விடல. மறுநாளும் அப்படித்தான். ஜெபமணி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துட்டு அவ வீட்டுக்காரர்கிட்ட சொல்லுதா, "பொண்டாட்டி கூடச் சண்டைன்னு வந்த மனுசன் தினமும் மணிக்கணக்கா அவகூடத்தான் பேசுதாரு. சமாதானமா இருக்க நீங்க என்கூட என்னைக்கு அரை மணி பேசியிருக்கீக?" அந்த வீட்டுலயும் சண்டை தொடங்கிட்டு.

இப்படி ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் அவ போனை எடுக்கல. அடிச்சுக்கிட்டே இருக்கேன். கீழ விழுந்துட்டாளா, நெஞ்சு வலியா, என்னென்னமோ தோணுது. ஜெபமணி பக்கத்து வீட்டு நம்பரைத் தேடுதா. மச்சினர் பைக்கை எடுத்துட்டாரு. நான் பின்னால ஏறப் போகையில போன் வந்துது.

"என்ன ஆச்சு?"ன்னு கத்தினேன்.

"ஒண்ணும் ஆகல. மாடியில உக்காந்திருந்தேன்."

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. கொக்கு எல்லாம் வரிசையா வயக்காட்டுல இருந்து திரும்பிப் போச்சு. பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு."

எனக்குக் கோவம்னா கோவம். நான் இங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன், இவ கொக்கைப் பாக்கா! அப்ப அவ மெதுவாச் சொன்னா, "எனக்கு வாரத்துல ரெண்டு நாளாவது சாயங்காலம் பேசாம இருக்கணும்ங்க. ரொம்ப வருசமாவே தோணுது."

"அப்ப இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதைப் பத்தி ஒரு மணி நேரம் வாதம் பண்ணியிருப்பீங்க."

பண்ணியிருப்பேன்தான். அந்தத் தலைப்பு நல்ல தலைப்பும்மா.

அந்தச் சமயத்துல திருச்சியில ஒரு கல்லூரியில கருத்தரங்கு. உலகம்மாள் தன்னோட மறுப்புக் கட்டுரைய வாசிக்கப் போறா. தலைமை யாருன்னு பாத்தா, நான். அவங்களுக்கு நாங்க பிரிஞ்சிருக்கது தெரியாது, எப்பவும் போல ரெண்டு பேரு பேரையும் நோட்டீஸ்ல அடிச்சிட்டாங்க. போக வேண்டாம்னு ஜெபமணி சொன்னா. நான் போறேன்னுட்டேன். வருவேன்னு வாக்குக் குடுத்தாச்சே. அதோட, அவ கட்டுரைய நாலு பேரு முன்னால வச்சே தவிடுபொடி ஆக்கிருவோம்னு ஒரு நெனப்பும் இருந்துச்சு. மச்சினரோட நல்ல வேட்டியக் கடன் வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனேன்.

மேடையில நான் நடுவுல. இந்தப் பக்கம் கல்லூரி முதல்வர், அந்தப் பக்கம் அவ. நீலச் சேலை கட்டியிருந்தா. மெலிஞ்சிருந்த மாதிரி இருந்துச்சு, நல்லாத்தான் இருந்தா. எந்திரிச்சு வாசிக்க ஆரம்பிச்சா. ஒரு உதாரணம் சொன்னா.

"ஒருத்தர் தன் சிநேகிதிக்கு ஒரு வாக்குக் குடுத்தாரு. நீ வெளிய போகும்போதெல்லாம் நான் குடை பிடிப்பேன்னு. அப்ப நல்ல மழைக்காலம். அந்தக் குடை அவளுக்கு ரொம்பத் தேவையா இருந்துச்சு. அவ சந்தோசமா வாங்கிக்கிட்டா. பிறகு மழை விட்டுது. அவரு குடைய மடக்கல. வெயில் அடங்கி நிலா வந்துது. மடக்கல. ஒரு நாள் தூத்தல் விழுது, அவளுக்குக் கொஞ்சம் நனையணும்னு ஆசை. அவரு விடல. 'நான் வாக்குக் குடுத்திருக்கேன்'ன்னாரு. கடைசியில வீட்டுக்குள்ளயும் குடைய விரிச்சிக்கிட்டு அவ பின்னாலயே நடக்காரு. ஊரே அவரை வாக்குத் தவறாத உத்தமர்னு சொல்லுது. அவளுக்கும் அவரு மேல பிரியம்தான். ஆனா அவ வானத்தைப் பாத்து வருசக் கணக்காச்சு."

சபையில ஒரே சிரிப்பு. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன். முதல்வர் பக்கம் சாஞ்சு, "எவன் சார் இந்தக் குடைக்காரன், சரியான கிறுக்கனால்லா இருக்கான்"னேன். அவரு என்னையே பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்குச் சிரிப்பு பாதியில நின்னு போச்சு. மச்சினரோட வேட்டி அப்பத்தான் இடுப்புல இறுக்குதுன்னு தெரிஞ்சுது.

அவ முடிச்சதும் தலைவர் பேசணும். எந்திரிச்சேன். தயார் பண்ணிக் கொண்டு போனது ஒண்ணும் நெனப்புல வரல. நாக்குல வந்ததைக் கேட்டேன். "வாங்கினவங்க மனசு மாறும்போதெல்லாம் வாக்கும் மாறும்னா, அது வாக்கா, வானிலை அறிக்கையா?"

கைதட்டினாங்க. அவ சிரிச்சா. "வானிலைய ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கன்னுதான் அந்த அம்மா சொல்லுதா."

அதுக்கும் கைதட்டினாங்க. எனக்கு ரோசம் வந்துட்டு. "சரி. அவ வேணும்னா வாக்கு, வேண்டாம்னா இல்ல. அவ விருப்பம்தான் எல்லாம்னா, குடுத்தவன் எதுக்கு? அவன் கையில எதுவுமே இல்லாட்டி அவன் என்ன, குடைக்கம்பா?"

அவ கண்ணாடியக் கழத்தி சேலை முந்தியில துடைச்சா. நான் நிக்கேன், அவ யோசிக்கா. "இது சரியான கேள்வி"ன்னா. "எனக்குப் பதில் தெரியல. யோசிக்கணும்."

ஜெயிச்சிட்டேன்ல? குதிச்சிருக்கணும். குதிக்கல. அவ நெத்தியச் சுருக்கி நிக்கதைப் பாத்தேன். மதுரையில நான் ஈரக் கையோட ஓடிப் போயி நின்னப்ப இதே மாதிரிதான் நின்னா. இந்த முகத்தைப் பாத்து எவ்வளவு காலம் ஆச்சுன்னு இருந்துச்சு. தினம் தினம் எதிர்ல உக்காந்திருந்தவதான். ஆனாலும் எங்க போயிருந்துச்சோ. அப்புறம் தேநீர் வந்துது, பொன்னாடை வந்துது, எனக்கு ஒண்ணும் கண்ணுல படல.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம். கல்லூரி வண்டி ஒண்ணுதான், அதனால. தூத்துக்குடி வண்டி ஒரு பக்கம் நிக்கு, எங்க வீட்டுக்குப் போற திருநெல்வேலி வண்டி ஒரு பக்கம் நிக்கு. தூத்துக்குடி போயித்தான் நான் சாயர்புரம் போகணும். டீக்கடை ஓரமா நின்னோம்.

"ஒண்ணு சொல்லணும்"னா. "என் கட்டுரைப்படி நீங்க குடுத்த வாக்கு என்னோடது. அதனால அதை நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

"எந்த வாக்கை?"

"எல்லாத்தையும். சாயங்கால வாக்கு, கடைசி வரைக்கும் கூட இருப்பேன்னு சொன்னது, எல்லாத்தையும். உங்களுக்கு இனிமே ஒரு கடமையும் இல்ல."

"அப்ப நான் என்ன செய்யணும்?"னேன்.

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?"னு கேட்டுட்டு திருநெல்வேலி வண்டியில ஏறிட்டா. கோவமா ஏறல. சாதாரணமாத்தான் ஏறினா, முன்னால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, முட்டு வலிக்கும்போது ஏறுவாளே அப்படி. சன்னலோரம் போயி உக்காந்தா. என்னைத் திரும்பிப் பாக்கல.

நான் நடுவுல நிக்கேன். கண்டக்டர் "நெல்லை, நெல்லை"ங்கான். அந்தப் பக்கத்துக்காரன் "தூத்துக்குடி"ங்கான். எந்தப் பக்கம் போறதுக்கும் எனக்குக் காரணம் கிடையாது. வாழ்நாள் முழுக்க காரணம் இல்லாம ஒரு தெருவைத் தாண்டாதவன் நான். வண்டிய எடுத்துட்டான். எடுத்ததும் ஓடினேன். இந்த வயசுல ஓடினேன், மச்சினர் வேட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு. ஒரு அம்மா கையக் குடுத்து இழுத்துவிட்டா, இல்லாட்டி இந்தக் கதையச் சொல்ல ஆளு இல்ல.

அவ பக்கத்து சீட்டுல பையை வச்சிருந்தா. எடுத்து மடியில வச்சுக்கிட்டா. ஒண்ணும் கேக்கல. ஊரு தாண்டி, டவுனு கட்டடம்லாம் குறைஞ்ச பிறகுதான் கேட்டா.

"ஏன் ஏறினீங்க?"

"உன் கட்டுரையில ஒரு ஓட்டை இருக்கு. அதைச் சொல்லலாம்னு"னேன்.

"பொய்."

"பொய்தான்."

"பிறகு ஏன்?"

"தெரியல"னேன். நான் 'தெரியல'ன்னு சொன்னா பின்னால எப்பவும் ஒரு 'ஆனா' வரும். அவளும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு ஒண்ணும் வரல.

அவ என் தோள்ல தலைய வச்சுக் கண்ண மூடிக்கிட்டா. பஸ்ல, நாலு பேரு பாக்க. திருநெல்வேலிக்காரங்க நாங்க, வீட்டுக்குள்ளயே அப்படி இருந்தது கிடையாது. மேலூர் வந்துது, மதுரை வந்துது. மதுரை தாண்டும்போது விளக்கு வைக்கிற நேரம். எனக்கு அப்பத்தான் நிஜமாவே அவ கட்டுரையில ஒரு ஓட்டை தெரியுது! இதைவிட நல்ல வாதம் எனக்கு ஆயுசுல தோணினது இல்ல. தொண்டை வரைக்கும் வந்துட்டு. அவ நல்ல தூக்கம். லேசாக் குறட்டை கூட. எழுப்பல. தோளு மரத்துப் போச்சு, கை இருக்கா இல்லையான்னே தெரியல. அசைக்கல. வாக்கு ஒண்ணும் கிடையாது, கடமையும் கிடையாது, அவதான் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாளே. இருந்தாலும் அசைக்கல.

சாத்தூர்ல வண்டி நின்னுது. சேவு விக்கவங்க ஏறி ஒரே கூச்சல். அதுலதான் முழிச்சா. கண்ணாடியத் தேடி மாட்டினா. முந்தானையால முகத்தைத் துடைச்சா. எங்க வந்திருக்கோம்னு வெளிய எட்டிப் பாத்தா. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டா.

"என்ன ஓட்டை?"